ரப்பர் மீன் வார்க்கிறவன்

ரப்பர் மீன் வார்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. பிளாஸ்டிக் கூழை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் மஞ்சளித்துவிடும்; குறைந்தால் அச்சுக்குள் வால் சரியாக விழாது. சோம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டால், கடிக்க வரும் மீனுக்கு மனித வாடை தெரியாது. ஆறியபின் அச்சைப் பிரித்தால் விரல் நீளத்துக்கு ஒரு மீன் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வரும். பார்த்தால் உயிருள்ளது போலவே இருக்கும். ஆனால் அதற்கு வலிக்காது. ஷெரிப், நீங்கள் கேட்டதற்கு நான் அங்கிருந்துதான் பதில் சொல்லத் தொடங்க வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் வடக்கு மினசோட்டாவில் எல்லாரையும் போல வால்ஐ என்ற பளிங்குக்கண் ஏரிமீனுக்குப் பொடிமீனைத்தான் உயிரோடு தூண்டில் முள்ளில் குத்திப் போட்டேன். ஒருநாள் உதட்டில் முள் ஏறிய பொடிமீன் ஒன்று என் உள்ளங்கையில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஜெபம் சொல்வது போல இருந்தது. சின்ன உயிரையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறவன் நான். அன்றோடு உயிர் இரையை விட்டு, ரப்பர் மீன் வார்க்கத் தொடங்கினேன்.

போதகர் இதைச் சபையில் பேசச் சொன்னார். ஆலயத்தின் கீழ்க்கூடத்தில், காப்பி குடித்துக்கொண்டே எல்லாரும் கேட்டார்கள். நீங்களும் பின்வரிசையில் இருந்தீர்கள். லெந்து நோன்புக்கால வெள்ளிக்கிழமை விருந்துக்கான மீனை இனி உயிர் இரை போடாமல்தான் பிடிப்பது என்று முடிவாயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் ரப்பர் மீனைச் சும்மாதான் கொடுத்தேன்.

கேலி செய்தவன் டெல்மர் ராஸ்க் ஒருவன்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே என் சினேகிதன். பொடிமீன் பிடித்து விற்பதுதான் அவன் பிழைப்பு.

"டேய் வெர்லின், ரப்பர் மீனப் போட்டா ரப்பர் வால்ஐதான்டா மாட்டும். அதப் பொரிச்சுத் தின்னா போதகருக்குப் பல்செட் எகிறிடும்," என்றான். கூடமே சிரித்தது. போதகரும் சிரித்தார்.

"வியாபாரம் போகுதேன்னு உனக்கு எரியுது," என்றேன்.

"போனாப் போவுது போ. உன் மீனுக்குத் தீனி வேணாம், தண்ணி மாத்த வேணாம், சாகவும் சாகாது. ஒண்ணு பண்ணு, அதுக்கு ஞானஸ்நானத்தையும் குடுத்துடு. சபையில ஆள் கூடும்."

கோடையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஏரி உறைந்த பிறகுதான் சிரமம். பனிக்கடியில் வால்ஐ மீன் சோம்பிக் கிடக்கும். ரப்பர் மீனின் பக்கத்தில் வரும், அந்தப் பளிங்குக் கண்ணால் பார்க்கும், போய்விடும். விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. உறைந்த ஏரிமேல் துளை போட்டுத் தூண்டில் போட ஆளுக்கொரு குடில் உண்டு; எல்லாரும் என் குடிலைத்தான் பார்த்தார்கள், பேசியவன் நான் அல்லவா. அதனால் பக்கத்து ஊரில் பொடிமீன் வாங்கி, செத்த ஒன்றின் தலையைக் கிள்ளி, ரப்பர் மீனுக்குக் கீழே முள்ளில் செருகினேன். தலை மட்டும்தான். தலைக்கு வலிக்காது. மீன் இழுக்கத் தொடங்கியது. வெர்லினின் ரப்பர் மீன் ஜனவரியிலும் பிடிக்கிறது என்று ஊரில் பேச்சு. நான் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஒருநாள், துளையில் பனி அள்ள இரவல் வாங்கிய கரண்டியைத் திருப்பிக் கொடுக்க டெல்மர் குடிலுக்குள் வந்தான். நான் மறைப்பதற்குள் தலை செருகிய முள்ளைப் பார்த்துவிட்டான்.

"பரவால்லடா," என்றான். "இந்தக் குளிர்ல யாருக்குத்தான் ஒரு கவளம் வேணாம்?" கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை என் பின்வாசல் படியில் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று இருந்தது. உள்ளே பொடிமீன்கள். அடுத்த சனிக்கிழமையும் இருந்தது. நான் பக்கத்து ஊருக்கு ஒளிந்து போக வேண்டாம் என்று வைத்திருக்கிறான். யாரிடமும் அவன் சொல்லவில்லை. ஆலயத்தில் யாராவது என்னைப் புகழ்ந்தால், "கைராசிக்காரன்," என்று தலையாட்டுவான். ஒருமுறை கண்ணடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கண்ணடிக்கவில்லை. நான் கேட்காமலே ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை மன்னித்துவிட்டுப் போனான். அது எவ்வளவு கனம் என்று சுமந்தவனுக்குத்தான் தெரியும்.

நான் ஆத்திரத்தில் எதையும் செய்யவில்லை. யோசித்தேன். ஊர் முழுக்க முள்ளில் ஏறாமல் பிழைத்த சின்ன உயிர்கள் ஒரு பக்கம். என்றைக்காவது தவறிவிடக்கூடிய ஒரு நாக்கு மறுபக்கம். ஜெபித்துவிட்டுத்தான் யோசித்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சபையார் கழிக்கும் கிறிஸ்துமஸ் மரங்களை உறைந்த ஏரிமேல் வரிசையாக நட்டு, குடில்களுக்குப் பாதை காட்டுவது என் பொறுப்பு. தீவுக்கும் கரைமுனைக்கும் நடுவில், அடியில் நீரோட்டம் உண்டு. அங்கே பனி தடிக்கவே தடிக்காது; ஆளைத் தாங்கும், வண்டியைத் தாங்காது. மரவரிசை அதைச் சுற்றி வளைந்து போகும். பனிக்காற்று அடிக்கும்போது யாரும் ஏரியைப் பார்ப்பதில்லை; அடுத்த மரத்தைத்தான் பார்ப்பார்கள். ஏரியை உள்ளங்கை போல அறிந்த டெல்மரும் அப்படித்தான். சபை நட்ட மரமாயிற்றே.

அந்தப் பிற்பகல் காற்று கிளம்பியதும் வளைவில் இருந்த மரங்களைப் பிடுங்கி, அந்த மெல்லிய பனிக்குக் குறுக்கே நேராக நட்டேன். காய்ந்த மரங்கள்தான். பிறகு சுற்றி நடந்து குடிலுக்குப் போய் அவனுக்குப் போன் செய்தேன்.

"அடுப்பு அணைஞ்சுபோச்சு டெல்மர். வண்டியும் கிளம்பல. கை மரத்துப்போச்சு."

"அசையாம இரு. கையக் கக்கத்துல வச்சுக்க. தூங்கிடாதடா, ஏதாவது பாடிக்கிட்டே இரு, உன் குரலுக்கு மீன் ஓடினாலும் பரவால்ல. இதோ வந்துட்டேன்."

அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மேல்சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. சன்னலருகே நின்று பார்த்தேன். அவன் பனிவண்டியின் விளக்கு ஒரு மரத்திடம் வந்தது. அடுத்த மரத்திடம் வந்தது. பிறகு வரவில்லை. சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். காற்று பலமாக இருந்தது.

காற்று தணிந்ததும் மரங்களை எடுத்துப் பழைய இடத்தில் நட்டேன். வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாது அல்லவா. மெல்லிய பனியில் நட்டுப் பிடுங்கிய குழிகளில் மரத்தின் ஊசியிலைகள் உதிர்ந்து உறைந்திருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அது என் கவனக்குறைவு.

உடைந்த பனியின் ஓரத்தில் அவன் கொண்டுவந்தவை சிதறிக் கிடந்தன. காப்பிக் குடுவை. எனக்காக எடுத்துவந்த உலர்ந்த கம்பளிக் கையுறைகள். அவற்றைப் போட்டுக்கொண்டேன், மரம் நடும்போது கை உண்மையிலேயே மரத்துத்தான் போயிருந்தது. கொஞ்சம் தள்ளி அந்தச் சின்ன வாளி, மூடியோடு. அன்று சனிக்கிழமை. திறந்து பார்த்தேன். பொடிமீன்கள் நீந்திக்கொண்டிருந்தன, ஒன்றுகூடச் சாகவில்லை. வாளியைக் குடிலுக்குக் கொண்டுபோய், தூண்டில் போடும் துளையில் மெதுவாகச் சரித்தேன். ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்கிப்போயின. ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

டெல்மரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஷெரிப், சபையார் கேட்பார்கள்: இதில் எந்த இடத்திலும் உயிருள்ள எதையும் நான் இரையாக வைக்கவில்லை.