எல்லா அட்டைக்கும் ஒரே புருஷன்

— நிறுத்து, நிறுத்து. ‘என் கணவர் ரொம்ப நல்லவர்’னு சொல்றப்ப மூஞ்சி ஏன் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி போகுது?

— அயர்ன் பாக்ஸ் ஆவி அடிக்குதுங்க.

— இப்ப என்ன துணி தேய்க்கற அவசரம்? ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் என்ன ஓடியா போயிடப் போகுது? சனிக்கிழமை பரிட்சைடி! படிக்கறதுல பாஸ், எழுதறதுல பாஸ், கேக்கறதுல பாஸ். வாயைத் திறந்தா ஃபெயில். ரெண்டு தடவை அரை மார்க்ல கவுந்துட்டு வந்து நிக்கற.

— கை வேலை செஞ்சா பேச்சு தானா வருதுங்க. நீங்க கேளுங்க.

— சுத்தம்! அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரன் வேலை போட்டுக் குடுத்துட்டு, இந்தப் பேச்சு மார்க் ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். நீ பாஸ் பண்ணாத்தான் உன் விசாவோட ஒட்டிக்கிட்டு எனக்கும் விசா. ஊருக்கே இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கற மாஸ்டர், பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஃபிளைட் ஏறணும்னு என் தலையெழுத்து. தெருவுல எல்லார்கிட்டயும் கிளம்பறோம்னு சொல்லியாச்சு. கோட்டு வேற தைக்கக் குடுத்திருக்கேன்.

— கோட்டு எதுக்குங்க?

— அங்க குளிரும்ல? நர்ஸு புருஷன் போர்வையைப் போத்திக்கிட்டா இறங்கறது? சரி, வாயாடாதே. பேச்சுப் பரிட்சைக் கேள்வி அட்டை எடுக்கறேன். தமிழ்லயே சொல்லு, கதை வரிசையா வருதான்னு மட்டும் பாக்கறேன். சாப்பிட்ட உடனே உன் இங்கிலீஷைக் கேட்டா எனக்குச் செரிக்காது.

— சரிங்க.

— முதல் அட்டை. நீங்கள் வியந்து பார்க்கும் ஒரு மனிதர்.

— என் புருஷன். நான் பரிட்சைக்குப் படிக்கறப்ப ராத்திரி முழிச்சு டீ போட்டுக் குடுப்பார்.

— ம். அடுத்தது. மறக்க முடியாத ஒரு பயணம்.

— நானும் என் புருஷனும் ரயில்ல போனோம். ஃபிளாஸ்க்குல டீ எடுத்துட்டு வந்தார்.

— ம். உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்று.

— என் புருஷன் எனக்கு டீ ஆத்திக் குடுக்கற டம்ளர்.

— இதப் பாரு, இதான் டெக்னிக்! எந்த அட்டை வந்தாலும் கதை ஒண்ணு. நல்ல புருஷன், டீ, தியாகம். உன்னை மாதிரி களிமண்ணு மண்டைக்கும் ஏறட்டும்னுதான் இப்படிப் பண்ணி வச்சிருக்கேன். அடுத்தது. சத்தம் அதிகமாக உள்ள ஓர் இடம்.

— என் புருஷன் இருக்கற இடம்.

— என்னது?

— அவர் இருக்கற இடம் எப்பவும் அமைதியா இருக்கும், அதனால சத்தம்னாலே எனக்கு என்னன்னு தெரியாதுங்கன்னு சொல்ல வந்தேன்.

— ஆங்... அது பரவால்ல. கொஞ்சம் இழுத்த, ஆனா கொண்டு வந்து சேத்துட்ட. இவ்ளோ தெரியுதுல்ல? அப்புறம் ஏன்டி அங்க போயி மண்ணு மாதிரி உக்காந்திருந்த?

— அந்தப் பரிட்சையில கேள்வி கேக்கற அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு சிரிச்சாங்கங்க.

— உன் உச்சரிப்பைக் கேட்டா பேனாவே சிரிக்கும்.

— அதில்லைங்க. எனக்கு முன்னாடி போன பல் டாக்டர் பொண்ணும் இதே புருஷனைத்தான் சொல்லியிருக்கு. அதுக்கும் முன்னாடி போன பேங்க் பொண்ணும் அதே. அதே ஃபிளாஸ்க்கு, அதே டம்ளர். எல்லாம் உங்க இங்கிலீஷ் சென்டர்ல படிக்கற பொண்ணுங்க. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்களுக்கு எத்தனை பொண்டாட்டியோ, எனக்கே கணக்குத் தெரியல.

— அதுக்கு? நல்ல கதைன்னா நாலு பேரு சொல்லத்தான் செய்வாங்க.

— அந்த பேங்க் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க.

— ஆகப் போகுதுல்ல! குதர்க்கம் பேசாதே. சிரிச்சா நீயும் சிரிச்சுட்டு மேல பேச வேண்டியதுதானே?

— பேசத்தான் போனேன். அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. ‘உன் புருஷன் டீ எப்படிப் போடுவார்’னு. எனக்குப் பேச்சே வரல.

— அடச்சீ! இஞ்சி தட்டிப் போடுவார், ஏலக்காய் போடுவார்னு அடிச்சு விட வேண்டியதுதானே? ஒரு டீக்குப் போயி அரை மார்க்கைக் கோட்டை விட்டுட்டு வந்திருக்காளே, இவளை என்ன பண்றது?

— பொய் சொல்றதுக்கும் ஒரு தடவையாவது கண்ணால பாத்திருக்கணுமேங்க. நீங்க அடுப்பு முன்னாடி நின்னு நான் பாத்ததே இல்லையே.

— நான் எதுக்கு நிக்கணும்? உனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றதே பெரிய சேவை, இதுல டீ வேற போடணுமா? டீன்னதும்தான் ஞாபகம் வருது. எங்க என் டீ?

— இந்த ஒரு துணி தேய்ச்சுட்டுத் தரேன்.

— இதைத்தான் அப்போதிருந்து சொல்ற. ஒரு வேலைக்கும் துப்பு கிடையாது. ஊசி குத்தறதைத் தவிர உனக்கு உலகத்துல என்னடி தெரியும்?

— அது சரி. ஒரு அட்டை நானே எடுத்துப் பேசிப் பாக்கட்டுங்களா?

— எடு. எடுத்துக் கிழி.

— அதிகமாகப் பேசும் ஒரு மனிதர்.

— கஷ்டமான அட்டை. இதுல புருஷனை எப்படி நுழைப்ப? ‘என் புருஷன் அதிகம் பேச மாட்டார், ஆனா...’ன்னு ஆரம்பி.

— வேற ஒரு ஆளைச் சொல்றேங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள்.

— சொந்தமாவா? சரி, சொல்லு. சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

— எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி அவருக்கு வாய் முழிச்சுக்கும். பல்லு விளக்கறப்பகூட நுரையோட வெளிய வந்து என்னமோ சொல்லிட்டுப் போவார். அவருக்கு எல்லாம் தெரியும். டாக்டரை விட மருந்து தெரியும், டிரைவரை விட ரோடு தெரியும்.

— ஹஹ! யாருடி இவன், உங்க ஆஸ்பத்திரி கேன்டீன்காரனா?

— குறுக்க பேசினா மறந்துடுதுங்க. நான் டூட்டி முடிஞ்சு வருவேன். அன்னைக்கு வார்டுல ஒரு சின்னக் குழந்தை இறந்து போச்சு. அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். ‘முதல்ல ஒரு வாக்கியத்தை ஒழுங்காப் பேசக் கத்துக்கோ’ன்னார். அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட எதுவும் சொல்றது இல்ல.

— என்ன ஆளுடி இவன், மனுஷ ஜென்மமா? ஆனா நல்லா வருது. உண்மையாவே நல்லா வருது! இன்னும் கொஞ்சம் காறித் துப்பற மாதிரி சொல்லு. எரிச்சல் இருந்தாத்தான் பேச்சுல வேகம் வரும்.

— அவர் பேசறதுக்கு எதிர்ல ஆளே வேணாம். ஒரு நாள் நான் குளிக்கப் போயிட்டு வந்தேன். நான் போனது தெரியாம நாற்காலியைத் திட்டிக்கிட்டு இருந்தார்.

— ஹஹஹா! நாற்காலியையா? சரியான லூசுப் பயலா இருப்பான் போல!

— அவர் சம்பாதிக்கறது அவர் பேச்சுக்கே பத்தாது. ஆனா என்னை முட்டாள்ங்கறதுல மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்தது இல்ல. இந்த முட்டாளோட வேலையை நம்பி ஊரெல்லாம் வெளிநாடு போறேன்னு சொல்லிட்டார். கோட்டுகூட தைக்கக் குடுத்துட்டார்.

— ஹஹ... என்ன?

— கோட்டுங்க. அங்க குளிரும்ல?

— ஏய்.

— ஒரு அட்டைக்கு ரெண்டு நிமிஷம் பேசணும்ங்க, இன்னும் இருக்கு.

— என்ன திமிருடி உனக்கு! என் வீட்டுல உக்காந்து, நான் சொல்லிக் குடுத்த டெக்னிக்கை வச்சு என்னையே...

— நீங்கதானே நல்லா வருதுன்னீங்க? அந்தம்மாவும் அதையேதான் சொன்னாங்க.

— எந்த அம்மா?

— பரிட்சையில கேள்வி கேட்ட அம்மா. போன மாசம் டபுள் டூட்டின்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னைக்கு மூணாவது தடவை எழுதிட்டேன். இதே அட்டைதான் வந்துச்சு. ஒரு நிமிஷம் உங்க டீக் கதையைத்தான் யோசிச்சேன். அப்புறம் ச்சீன்னு ஆயிடுச்சு. உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலைங்க, அத்தனை வருஷம் சேத்து வச்சது அப்படியே கொட்டுச்சு. அவங்க போதும்னு கை காட்டினாங்க. எனக்குத்தான் நிறுத்த மனசே வரல.

— பொய்! உனக்காவது...

— கடைசில அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. ‘இந்த ஆள் பேசறதை நிறுத்திட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?’ நல்லாத் தூங்குவேன்னேன். இந்தத் தடவை சிரிக்கறப்ப பேனாவைக் கீழ வைக்கல, எழுதிக்கிட்டே சிரிச்சாங்க.

— எவ்ளோ மார்க்?

— மத்ததெல்லாம் முன்ன மாதிரிதான். பேச்சுலதான் ஒசந்த மார்க்.

— அப்ப... அப்ப ஒரு மாசமா என் முன்னாடி தினம் உக்காந்து பாடம் படிச்சது?

— நான் எங்கங்க படிச்சேன்? துணி தேய்ச்சேன். பாருங்களேன், இதுல ஒண்ணாவது யூனிஃபார்மா?

— இது... இதெல்லாம் உன் நல்ல புடவை. அந்தப் பெட்டி எப்ப வாங்கின?

— நீங்க நேத்து அது மேலதான் காலை நீட்டி உக்காந்து என்னை மக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. குனிஞ்சு பாக்கல.

— சரி. சரி, விடு. கோவத்துல ஏதோ பேசிட்ட, நானும் கொஞ்சம் கூடப் பேசிட்டேன். வீடுன்னா இதெல்லாம் சகஜம். பாஸ் பண்ணிட்டல்ல, அதான் வேணும். நல்ல விஷயத்தை எதுக்கு மூடி வச்ச, பைத்தியக்காரி? டெய்லர்கிட்ட நாளைக்கே கோட்டை வாங்கிடறேன். விசா வந்துடுச்சா?

— வந்துடுச்சுங்க.

— அப்படிப் போடு! எனக்கும்தானே?

— முதல்ல டீ குடிங்க.

— டீ கிடக்குது. என் விசா எங்கடி?

— தூள் மேல்தட்டுல மூடி உடைஞ்ச டப்பாவுல இருக்கு, சர்க்கரை அதுக்குப் பக்கத்துல. பாலை வச்சுட்டுப் பேசிக்கிட்டே நிக்காதீங்க, பொங்கிடும்.