மார்ச் முடிவதற்குள்

ஒரு நல்ல நண்பனின் விலை மாதம் ஒரு பிரியாணி. செல்வராஜை நான் அந்த விலைக்குத்தான் வாங்கினேன். மலிவு என்றே இன்றும் சொல்வேன். கீழக்கரையில் ஜவுளி பேரத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஹாஜா நஜ்முதீன் எதையும் அதிக விலைக்கு வாங்கியதாக யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் விசாரிக்க வந்தது கணக்கை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்சி சிட்டியில் நாங்கள் ஒரு ஜப்பானிய வங்கியின் கிளை. அன்றைய ஜப்பான் வழக்கப்படி, நூறு டாலருக்கு வாங்கிய பத்திரம் சந்தையில் அறுபதுக்கு விழுந்தாலும், விற்காதவரை ஏட்டில் அது நூறுதான். உங்கள் அமெரிக்க வழக்கமோ, இன்றைக்குச் சந்தை என்ன தருமோ அதை எழுது என்பது. சரிவு டோக்கியோ ஆடிட்டர்களே முகம் சுளிக்கும் அளவுக்குப் போனதும், ஆண்டுக் கணக்கு மூடும் மார்ச் முடிவதற்குள் அந்தப் பத்திரங்களை வாங்கிய விலைக்கே ஒரு பெயரளவுக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவோம். ஏப்ரலில் திரும்ப எடுத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனியின் பங்குகளில் பாதிகூட எங்கள் பேரில் இல்லை. எனவே அது எங்களுடையதல்ல என்றது ஜப்பான் விதி. ஆட்டுவிப்பது யார் என்று பார் என்றது வெளியுலக விதி.

ஆட்டுவித்தது நான். அந்தக் கம்பெனியின் பேரில் விழுந்த கையெழுத்து செல்வராஜுடையது.

1998 மார்ச் முப்பது, மாலை. டோக்கியோவில் முப்பத்தொன்று விடிந்து, கடைசி நாள் வேலை தொடங்கியிருந்தது. அலுவலகத்தில் நாங்கள் இருவர் மட்டும்.

"பாய், இந்த வருஷம் சைன் பண்ண மாட்டேன். அடுத்த வாரம் கவர்ன்மென்ட் எக்ஸாமினர் வர்றாங்க. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"உன் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணது நம்ம பேங்க், தெரியும்ல?"

"போனா போகுது. திருப்பூர்ல மச்சான் பனியன் கம்பெனியில கணக்கு எழுதிட்டுப் போறேன்."

"அங்க மட்டும் யோக்கியமான கணக்கா எழுதுறாங்க?" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. சட்டை முழுக்க வேர்வையில் நனைந்தது.

"பாய்... நெஞ்சை அடைக்குது. நைன் ஒன் ஒன் கூப்பிடுங்க."

"சைன் பண்ணு, கூப்பிடுறேன்."

எதிராளிக்கு அவசரம் என்றால் விலை பேச அதுவே நேரம். கையெழுத்தைப் போட்டுத் தந்தான். ஃபேக்ஸ் அனுப்பினேன். கிடைத்தது என்று டோக்கியோ பதில் தந்தது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"பாய், போன்..." என்றான்.

யோசித்தேன். பிழைத்தால் அடுத்த வாரம் பேசுவான். நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டேன். தனியாக விடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சு நின்ற பிறகு 911-ஐக் கூப்பிட்டேன். விலாசத்தைத் தெளிவாகச் சொன்னேன்.

ஆம், சொன்னபோதே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான்.

அவன் மனைவி கலாவதிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. உடலை ஊருக்கு அனுப்பிய செலவு ஆறாயிரம் டாலர். அவளுக்கும் பெண்ணுக்கும் விமான டிக்கெட் இரண்டாயிரம். பெண்ணின் கான்வென்ட் ஃபீஸ் இதுவரை ஆயிரத்து இருநூறு. எல்லாம் என் பையிலிருந்து. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு போன் கால். அதுவும் தாமதமானதுதான், செய்யாமல் விட்டதல்ல. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கலாவதிதான் எனக்குப் பாக்கி.

நான் கேட்கப் போவதில்லை.