ஏழாவது ஸ்டாப் வாட்ச்

ராசப்பன்: பாவாயி, பெட்டியில ஆறுதான் இருக்குது! வெள்ளி ஸ்டாப் வாட்ச்சைக் காணோம்.

பாவாயி: நல்லாப் பாருங்க... துணிக்கடியில கெடக்கும்.

ராசப்பன்: ஏழுக்கும் ஏழு குழி வெட்டி வெச்ச பெட்டி. ஒரு குழி காலியாக் கெடக்குது.

பாவாயி: அதுங்களுக்குக் குழி வெட்ட நேரமிருந்துச்சு. பொறக்கப் போற புள்ளைக்குத் தொட்டில் கட்ட...

ராசப்பன்: ஏம்புள்ள, பாதியில நிறுத்திட்ட?

பாவாயி: ...அடுப்புப் பொகைங்க.

ராசப்பன்: அடுப்பு எரியவே இல்லியே.

பாவாயி: அணைச்சாலும் பொகையாதுங்களா? ட்ரில் வாத்தியாருக்கு ஊட்லயும் விசாரணைதான். போயி பரண்ல தேடுங்க.

ராசப்பன்: ...பரண்ல இல்ல. ராகி மூட்டைக்குப் பின்னால இல்ல. புள்ள, சேலத்துப் பழைய சாமான் கடைக்கு மூணு வருசம் நடையா நடந்து வாங்குனது அது. நீ எடுத்தியா?

பாவாயி: எடுத்தா என்னவாம்? தேஞ்சா போயிரும்?

ராசப்பன்: அப்ப எடுத்திருக்கற! சாவி குடுத்தியா? சும்மா வெக்கறப்ப ஸ்பிரிங்கு தளர்ந்துதான் இருக்கோணும்னு எத்தன தடவ...

பாவாயி: ஏனுங்க, இப்ப என்ன அவசரம்? உங்களுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது.

ராசப்பன்: உச்சிப் பொழுதுக்குள்ள ஒருத்தருக்குக் காட்டோணும்.

பாவாயி: ஆருக்கு?

ராசப்பன்: ...எஸ்டேட் கணக்குப்பிள்ளைக்கு.

பாவாயி: அண்ணாமலைக்கா? ரண்டு வருசமா அந்த வாட்ச்சைக் கேட்டாரு. உசுரே போனாலும் தரமாட்டேன்னீங்க.

ராசப்பன்: காட்டத்தான்...

பாவாயி: பொய்யி. காது செவக்குது பாருங்க.

ராசப்பன்: கோவிச்சுக்காத கண்ணு. போன வெள்ளிக்கெழம டோலி கட்டி உன்னைத் தூக்கிட்டு, பாதி மலை எறங்குனதும் வலி நின்னு போச்சே...

பாவாயி: ஊரே சிரிச்சுது. இனி நானாச் சொல்லாம டோலிப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னேன்ல?

ராசப்பன்: அன்னிக்குத் தூக்குன ஆளுக எல்லாம் இப்ப மொளகு பறிக்கறாங்க. அவசரத்துக்குக் கூப்புட்டா ஆரு வருவா? வாட்ச்சைக் குடுத்தா உனக்குன்னு நாலு ஆளை நிறுத்தி வெக்கறேன்னாரு அண்ணாமலை. உச்சி தாண்டுனா தோட்டத்துக்கு அனுப்பிருவாரு.

பாவாயி: எங்கிட்டச் சொல்லாமயா...

ராசப்பன்: சொன்னா வேண்டாம்ப. அடிவாரத்துல காரவள்ளி ஆஸ்பத்திரிக்கு எறங்கவே நாலு மணி நேரமாவும். எனக்குப் பயமா இருக்குது புள்ள. வாட்ச்சு போனா போவுது.

பாவாயி: ஸ்ஸ்... ஏனுங்க...

ராசப்பன்: பாவாயி? ஏன் பல்லக் கடிக்கற? முந்தானைக்குள்ள கையில என்ன?

பாவாயி: இந்தாங்க... ஓடிட்டிருக்குது, நிறுத்திப்புடாதீங்க. ஒரு வலி வந்து பத்து நிமிசத்துக்குள்ள மறு வலி வந்தாத்தான் நெச வலின்னு நர்சம்மா சொன்னாங்க. மறுக்காவும் ஊரு சிரிக்கக் கூடாதுன்னு காத்தால இருந்து பாத்துட்டே இருக்கறேன். மொதல்ல கால் மணி... அப்பறம் பன்னெண்டு... இப்ப ஒம்பது நிமிசங்க. ஓடிப்போயி ஆளுகளக் கூட்டியாங்க. காரவள்ளி போய்ச் சேர்ற வரைக்கும் வாட்ச்சு எங்கையில இருக்கட்டும்னு அண்ணாமலைகிட்டச் சொல்லிருங்க.