சுரங்கப்பாதையில் நான்கு நிமிடம்

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவேன். என் தங்கை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சமீபம்வரை. இப்படிப்பட்டவன் இதைச் செய்திருப்பான் என்று நம்ப உங்களுக்குக் கஷ்டமாக இருப்பது புரிகிறது. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நகரத் திட்ட அலுவலகத்தில் என் வேலை, கணினிக்குள் ஊரை நடத்திப் பார்ப்பது. ஒரு சாலையையோ படிக்கட்டையோ அளவு மாறாமல் திரையில் வரைந்து, மனிதர்களைப் புள்ளிகளாக நடக்கவிடுவேன். எங்கே நெரிசல் வரும், எதை அகலப்படுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். அலுவலகத்தில் என் பெயரே புள்ளிக்காரர்தான்.

போன வருடம் ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையை ஓட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு ரயில்கள் ஒன்றாக வந்து, மேற்கு வாசல் எதனாலோ அடைபட்டுப்போனால், நான்கு நிமிடத்துக்குள் பதினொரு புள்ளிகள் சிவந்து நின்றுவிடும். நிற்பது என்றால் அவர்கள் பிறகு எழுந்திருக்கமாட்டார்கள். நூறு தடவை ஓட்டினேன், பதினொன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. என் தங்கை தினமும் எட்டு நாற்பதுக்கு அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவாள். எனக்கு அவளை விட்டால் யாரும் கிடையாது. பயந்துபோனேன்.

தலைமைப் பொறியாளரிடம் திரையைக் காட்டினேன். நல்ல மனிதர்.

“இந்த மாதிரி அங்க இதுவரைக்கும் நடந்திருக்கா?”

“இல்ல சார். நடந்துடக் கூடாதுன்னுதான்...”

“நடக்காத ஒண்ணுக்கு எப்படிய்யா சுவத்தை இடிக்கச் சொல்றது? வீடியோ கேமைக் காட்டி மேல கையெழுத்து வாங்க முடியுமா? நிஜத்தோட ஒத்துப்போகுதுன்னு காட்டு, அப்புறம் பார்ப்போம்.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. எங்கள் தொழிலில் அதுதான் முறை. நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை திரையில் வருவதெல்லாம் வெறும் பொம்மை விளையாட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். முந்தின நாளே தங்கையைப் பஸ்ஸில் போகச் சொன்னேன். “என்னண்ணா, திடீர்னு?” என்றாள். தண்டவாள வேலை நடக்கிறது என்றேன். ஆட்களை எண்ணும் கேமரா வைத்தபோது கொடுத்த மேற்கு வாசல் ஷட்டர் சாவி என்னிடமே இருந்தது. இரண்டு ரயில்களும் வந்து நின்றதும் ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். ‘பராமரிப்புப் பணி’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு, வெளியே நின்றவர்கள் முணுமுணுத்தபடி சுற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது நிமிடத்தில் உள்ளிருந்து தட்டினார்கள். “யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் திறங்க” என்று ஒரு பெண் குரல் கேட்டது. சாவி கையில்தான் இருந்தது. ஆனால் அப்போதே திறந்திருந்தால் நாலைந்து பேருக்குச் சிராய்ப்பு, அவ்வளவுதான். சிராய்ப்புக்காக யார் சுவரை இடிப்பார்கள்? கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது நிமிடத்தில் தட்டுவது குறைந்தது. நான்கு முடிந்ததும் திறந்துவிட்டேன். ஒரு விநாடிகூட அதிகமாகப் பூட்டிவைக்கவில்லை.

பதினான்கு பேர்.

கூடுதலான அந்த மூன்று என்னைத் தூங்கவிடவில்லை. கேமராப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூவரும் தப்பித்துக் கிழக்குப் படிக்கட்டுவரை வந்துவிட்டவர்கள். விழுந்தவர்களைத் தூக்குவதற்காக மறுபடி உள்ளே போயிருக்கிறார்கள். என் புள்ளிகள் அப்படித் திரும்பிப் போகாது, அதை நான் எழுதவே இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன். சரியாகப் பதினான்கு வருகிறது.

பாதையை இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டார்கள். தலைமைப் பொறியாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்யா” என்று அழுதார்.

தங்கை மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் உட்காரவே இல்லை.

“அன்னைக்கு ஏண்ணா என்னைப் பஸ்ல போகச் சொன்னே?”

இன்னொரு முறை அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் சொன்ன இதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, கைகளால் கதவைத் தடவித் திறந்துகொண்டு ஓடினாள். நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

புதிய அகலத்தில் அந்தப் பாதையை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. இனிப் பயப்பட ஒன்றும் இல்லை என்று நீங்களாவது அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.