மூன்றாவது கோடு

ஹலோ... நான் அக்காதான்டி. கிளினிக்ல, மருந்து ரூமுக்குள்ள நின்னு பேசுறேன்... தெரியும், தெரியும், நீ லீவுல இருக்க. வேலைக்கு வான்னு கூப்பிடல... சத்தியமா இல்ல. ஒரே ஒரு விஷயம் கேக்கணும்... சொல்றேன், சொல்ல விடு.

நெட்டையனைப் பூனை கடிச்சிடுச்சு... ஆமா, ஆமா, ஆறடி ஆளு, மூணு கிலோ பூனைகிட்ட தோத்துட்டான். கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். இன்னிக்குன்னு பாத்து, ஒரேடியாத் தூங்க வைக்கிற கடைசி ஊசி மூணு. ரெண்டு நாய்க்கு நான்தான் பிடிச்சேன். மூணாவது வெளிய கார்ல இருக்கு...

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணுதான். சரி, சரி. யாரு எத்தனை பிடிச்சோம்னு கோடு போடுற போர்டை எழுதி மாட்டினவளே நான்தானே, எனக்கே சொல்றியா?

மேனேஜர் அன்னிக்கு என்ன கேட்டாரு? ஊசி போடுறது டாக்டர், நீங்க சும்மா பிடிக்கத்தானே செய்றீங்க, ஒண்ணுக்கும் மூணுக்கும் என்னன்னு. உக்கார வச்சு விளக்கினேன். முன்னங்காலை நீட்டிப் பிடிச்சு, கட்டைவிரலால அமுக்கினாத்தான் நரம்பு எழும்பும். டாக்டர் கண்ணு நரம்புல இருக்கும். நாயோட கண்ணு பிடிக்கிறவ மூஞ்சியில இருக்கும் சார்னு. அதுக்கப்புறம்தானே ஒத்துக்கிட்டாரு...

அதான் கேக்குறேன். மாசக் கடைசியில பாப்பாரு. என் பேருக்கு நேரா ஒரே நாள்ல மூணு கோடு இருந்தா, "மூணு முடியுதுல்ல"ன்னு போர்டையே கழட்டிடுவாரு. ரெண்டாவதை நெட்டையன் பேர்ல போட்டுட்டேன். மூணாவதை உன் பேர்ல போட்டுக்கட்டுமா?... லீவு நோட்டை யாரு பக்கத்துல வச்சுப் பாக்கப்போறா?

என்ன சத்தம் அது? வண்டிச் சாவியா? கீழ வை... வராத! நாலு நாள் முன்னாடி பிடிச்சு முடிச்சுட்டு, கையுறையைக்கூடக் கழட்டாம பாத்ரூம்ல உக்காந்திருந்த. நான்தான் கதவைத் தட்டினேன். மறந்துட்டியா?

எனக்கா? எனக்கென்ன... அழல. நெசமாத்தான். ஊசி ஏறுறப்ப அந்த ரெண்டாவது நாய் என்னையே பாத்துக்கிட்டிருக்கு. நான் வீட்டுக் கொடியில காயப்போட்ட துணியை எடுத்தேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்டி.

 

வேற யாரு பிடிப்பா? ரிசப்ஷன் பொண்ணுக்கு நரம்பு எதுன்னே தெரியாது... சாயங்காலத்துக்குத் தள்ளவா? அது மூச்சுக்குத் தவிக்குது. முடியாதுன்னு எந்த வாயால சொல்றது?

ம்... ம்... சரி. பொய் எழுத வேணாம்கிற. நெட்டையன் பேர்ல போட்டதையும் அழிச்சிடுறேன். மூணும் என் பேர்லயே... போர்டைக் கழட்டினா? நீ பேசுவியா அவர்கிட்ட? பேசு. லீவு முடிஞ்சு வந்து பேசு. அதுவரைக்கும் தூங்கு.

இதோ வரேன் டாக்டர்!

கார் கதவைத் திறந்துட்டாங்க... ஐயோ, வாலை ஆட்டுதுடி... இல்ல, இல்ல, நீ லைன்ல இருக்காத... நீ வை... நீயே வச்சிடு. என்னால வைக்க முடியல.