நாய் படுத்த மனை

"நாய்ங்க என்னைக் காட்டிக் குடுத்துடுச்சுங்க மாமா" என்றார் முன் இருக்கைக்காரர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து அது. பேசியவர் மனைத் தரகர். பக்கத்தில் அவருடைய மாமா.

"ஏரியோரத்து மனைங்களை நான் தை பொறந்தாதான் காட்டுவேன். தண்ணி வடிஞ்சி எல்லாம் ஒரே மாதிரி தெரியும். மார்கழியில எவனும் மனை வாங்க வரமாட்டான். கண்டமங்கலத்து நர்ஸம்மா வந்து நிக்குது மாமா! 'அட்வான்ஸ் தையில தர்றேன், மனையை இப்பவே காட்டுங்க'ன்னுது."

"காட்டினியா?"

"வேற வழி? செருப்பைக் கையில எடுத்துக்கினு, தண்ணியில எறங்கி எல்லா மனையும் நடந்துச்சு. ஒரு மனையில மட்டும் தெரு நாய்ங்க சுருண்டு படுத்துக்கினு இருந்துச்சுங்க. 'ராத்திரி பூரா மழை. நாய் காஞ்ச எடமாப் பாத்துதான் படுக்கும். எனக்கு இதுதான் வேணும்'னு சொல்லிடுச்சு."

"கெட்டிக்காரிதான்."

"அது நான் வூடு கட்ட ஒதுக்கி வெச்சிக்கினு இருந்த மனை மாமா!"

"அடப்பாவமே. குடுத்துட்டியா?"

"அவ்ளோ தெளிவா கேட்டா எப்படி இல்லேன்றது? குடுத்துட்டேன். இப்ப எனக்கு ஒரு மனை பாத்துச் சொல்லுங்கன்னு அந்தம்மாவையேதான் கேட்டுக்கினு இருக்கேன்."