சோலார் பேனலில் ஒரு பொரித்த வெங்காயம்

காபியில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், டாக்டர் சவ்சன். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று உங்கள் மாணவி லுஜைன் சொன்னதாக ஞாபகம். அவள் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

மாடியில் உள்ள சோலார் பேனல் விஷயத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தாராளமாக விசாரியுங்கள். இந்த உம்மு குதைபா எதையும் மறைத்து வைக்கமாட்டாள் என்பது இந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும். அவரவர் மறைக்க நினைத்ததைத்தான் நான் முதலில் சொல்லிவிடுவேன்.

முதலில் அபூ ஷகீபை விட்டுவிடுங்கள். மாடியில் புறாக்கூண்டு வைத்திருக்கிறாரே, அவர். எங்கள் அஷ்ரஃபிய்யா பக்கம் புறா வளர்ப்பவன் சாட்சி சொன்னால் எடுபடாது. அடுத்தவன் புறாவை இழுத்து வைத்துக்கொண்டு, இது என் கையில் பொரித்த குஞ்சு என்று சத்தியம் செய்கிற கூட்டம் அது. அதனால் அவர் நெஞ்சில் கை வைத்து, "என் பறவை சுடுற பேனல் கண்ணாடியில சும்மா போய் உக்காராது. யாரோ அங்க தீனி போடுறாங்க" என்று சொன்னபோது படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் உரக்கவே சிரித்திருப்பேன்.

உங்கள் பாடம் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது, டாக்டர். மாணவர்கள் கையில் நிஜமான பணம் கொஞ்சம் கொடுக்கிறீர்கள். அதைப் புகையில்லாத மின்சாரத்தில் போட வேண்டும். போட்டது திரும்பி வர வேண்டும், சனங்களுக்கும் நல்லது நடக்க வேண்டும். உங்கள் வகுப்பு எங்கள் மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்தது. லிப்ட், படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் சூரியனில் ஓட ஆரம்பித்தன. அத்தோடு விட்டிருந்தால் தப்பே நடந்திருக்காது. நல்லது நடந்ததா என்று வீடு வீடாகக் கேட்டு வர ஒரு பெண்ணை அனுப்பினீர்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் லுஜைன் வருவாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி.

"பெரியம்மா, பேனல் வந்தப்புறம் உங்க வாழ்க்கையில என்ன மாறுச்சு?"

இந்தக் கட்டடத்தில் குடிவந்த நாளிலிருந்து கேள்வி கேட்கிறவள் நான். என்னை யாரும் கேட்டதில்லை. கனடாவிலிருந்து என் மகன் குதைபா வெள்ளிக்கிழமை பேசுவான். "எப்படிம்மா இருக்கே, நல்லா இருக்கேல்ல, சரி" என்று கேள்வியும் பதிலும் அவனே சொல்லிப் போனை வைத்துவிடுவான். இந்தப் பெண்ணோ கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், டாக்டர்.

முதல் வாரம் லிப்டைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் குதைபாவின் அப்பாவுடைய கடைசிக் காலத்தைச் சொன்னேன்.

"இதுக்கும் கரண்டுக்கும் என்ன பெரியம்மா சம்பந்தம்?"

"லிப்ட் ஓடாமத்தானே கண்ணு, அவரை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு இறங்கினோம்."

"அப்போ பேனலே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன். இருந்திருந்தா?"

எழுதிக்கொண்டாள். நல்ல பெண்.

வசந்தம் பிறந்ததும் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இன்னும் மூணு மாசம் இதே மாதிரி ஓடினா எங்க வேலை முடிஞ்சுது பெரியம்மா. நாங்க கெளம்பிடலாம்."

"எங்கே கெளம்புறீங்க?"

"நல்ல முதலீடுன்னா அப்படித்தான். அது சொந்தக் கால்ல நின்னதும் பணம் போட்டவங்க விலகிடணும். டாக்டர் சொல்லிக் கொடுத்தது."

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக்கொடுப்பது? சொந்தக் காலில் நின்றதும் விலகிப் போன ஒருவன் எனக்கு ஏற்கெனவே கனடாவில் இருக்கிறான்.

பட்டம் கைக்கு வந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்பதும் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை இர்பித் ஊர்க்காரன். நான் விசாரித்துவிட்டேன். அவன் அம்மா பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்குமாம். அந்த வீட்டுக்கு ஒரு வருடம் தாமதமாகப் போவதில் எந்தப் பெண்ணுக்கும் நஷ்டமில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். மீந்துபோன முஜத்தராவை, அந்தப் பருப்புச் சோற்றையும் மேலே தூவிய பொரித்த வெங்காயத்தையும், மாடிக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவது பாவம். விடிந்ததும் வெயில் ஏறுமுன் பேனல் மேல் பரப்பி வைத்தேன். புறாக்கள் வந்தன. புறாவின் ஒரு முனைக்குச் சோறு போட்டது நான்தான். மறுமுனைக்கு நான் பொறுப்பில்லை.

எச்சம் படிந்து மின்சாரம் குறைந்தது. லிப்டும் அடிக்கடி பாதியில் நின்றது. வாரம் ஒருமுறை வருகிற தண்ணீரில் கண்ணாடி கழுவுவதா என்று குடியிருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். முதலில் முணுமுணுத்தது நான். லுஜைன் வாரம் இரண்டு தடவை வர ஆரம்பித்தாள். மெலிந்துவிட்டாள் பாவம். அவள் வருகிற நாளில் எனக்கு நன்றாகப் பசித்தது. இருவருக்கும் சேர்த்துச் சமைத்தேன். மீந்தால் மாடி இருந்தது.

பிறகு கூட்டம் போட்டு, அபூ ஷகீப் புறாக்கூண்டைப் பிரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். யாராவது பேச்சை எடுத்துக் கொடுக்க வேண்டுமே, அதனால் நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அழுதார் என்று சொல்கிறார்கள். அழுதது உண்மைதான். கதவுத் துவாரம் வழியாகப் பார்த்தேன், கட்டம் போட்ட துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கண்டுபிடித்தது உங்கள் மாணவியேதான். எதையும் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களாம். அவள் பக்கத்துக் கட்டட மாடியில் ஏறிப் பார்த்திருக்கிறாள். அதே புறா, அதே வானம். அங்கே பேனல் பளபளவென்று இருந்ததாம். திரும்பி வந்து எங்கள் பேனலைத் தடவித் தடவி, வெயிலில் காய்ந்த ஒரு வெங்காயச் சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

"இது உங்க வெங்காயம்."

"வெங்காயம் எல்லார் வீட்டுலயும்தான் பொரிக்கிறாங்க."

"இவ்வளவு கருக யாரும் பொரிக்க மாட்டாங்க பெரியம்மா."

கண்டுபிடித்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. இத்தனை மாதம் தட்டை வழித்துத் தின்ற பெண். வெறும் பருப்புச் சோறாக வைத்திருந்தால் நான் மாட்டியிருக்கவே மாட்டேன். ஆனால் வெங்காயம் இல்லாத முஜத்தராவை விருந்தாளிக்கு வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆக, செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அபூ ஷகீப் சொன்னது உண்மை. மற்ற விஷயங்களில் அவரை நம்பாதீர்கள், கூண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். லுஜைனுக்கு அவள் பட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட சிக்கலை உங்கள் கரும்பலகையில் அவள் எந்தக் காலத்தில் பார்த்திருப்பாள்? பாடம் நீங்கள் நடத்தினீர்கள், பரீட்சை என் அடுப்பங்கரையிலிருந்து போனது. அதற்கு நன்றி சொல்வார் யாருமில்லை.

அவள் எழுதிய அறிக்கையில் ஒன்று மட்டும் தப்பு. 'தனிமையின் காரணமாக' என்று எழுதியிருக்கிறாளாம். எனக்கென்ன தனிமை? ஒரு கட்டடம் நிறைய ஆள் இருக்கிறார்கள், யாரும் வர வேண்டும் என்று நான் ஏங்கவில்லை.

என்ன டாக்டர், பேனாவை மூடுகிறீர்கள்? உட்காருங்கள், இன்னொரு காபி அடுப்பில் இருக்கிறது. அந்த லிப்ட் அடிக்கடி பாதியில் நின்றுபோனதே, அது ஏன் என்று நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையே.